கழகத்துக்காக நிதி திரட்டப் போகிறீர்களா? உண்டியலைத் தொடுமுன் செய்யவேண்டியவை

கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டாவது கூட்டத்துக்கு வந்ததுமே, "இந்த வருஷம் நிதி திரட்டை நீங்க பார்த்துக்குங்களேன்" என்று பொறுப்பைக் கையில் கொடுத்துவிடுவது சிங்கப்பூரில் நம் கழகங்களின் வழக்கம். மண்டபம், சாப்பாடு, நடனம், சிறப்பு விருந்தினர் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். உரிமம், வங்கிக் கணக்கு, ரசீது, கணக்கறிக்கை பற்றிச் சொல்ல ஆள் இருக்காது. சிக்கல் வருவது அங்கேதான். கோயில் தொண்டர் அணி, லயன்ஸ் அல்லது ரோட்டரி கழகம், முன்னாள் மாணவர் சங்கம், சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு என்று எந்த அமைப்பில் நீங்கள் இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். நற்பணிச் செயற்குழுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் படி: சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் நிதி விதிகள் தனி. மன்ற மேலாளரிடம் பேசாமல் ஒரு வெள்ளிகூட (டாலர்) வாங்காதீர்கள்.

1. பணம் யாருக்குப் போகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"ஏழைகளுக்கு", "முதியோர் நலனுக்கு" என்று எழுதுவது போதாது. பெறுபவரின் பதிவுப் பெயர், நோக்கம், எந்தக் கணக்கில் போய்ச் சேரும் ஆகிய மூன்றும் அந்த வரியில் இருக்கவேண்டும். நன்கொடை கேட்பவர், பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, எதற்குச் செலவாகும் என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லியாகவேண்டும் என்று நிதி திரட்டு விதிமுறைகள் சொல்கின்றன. சிறுநீரக நோயாளிகளுக்கு என்று சொல்லித் திரட்டிவிட்டு, மிச்சத்தில் கல்வி உதவித்தொகை கொடுக்க முடியாது. எவ்வளவு நல்ல எண்ணம் என்றாலும் முடியாது.

சமூகச் சேவைக் கழகம் என்று பெயர் இருப்பதாலேயே உங்கள் அமைப்பு அறநிறுவனம் ஆகிவிடாது. சங்கப் பதிவகத்தில் பதிந்திருப்பது ஒன்று, அறநிறுவன ஆணையரிடம் பதிந்திருப்பது இன்னொன்று, வரிக்கழிவு ரசீது கொடுக்கும் 'ஐபிசி' தகுதி மூன்றாவது. பல கழகங்களிடம் முதலாவது மட்டும்தான் இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை. அந்த நிலையில், ஐபிசி தகுதியுள்ள ஓர் அமைப்பைப் பயனாளியாக வைத்து, பணம் நேரே அவர்கள் கணக்குக்கே போகும்படி ஏற்பாடு செய்வது நல்லது. உங்கள் வேலை பாதியாகக் குறையும். யார் எந்தத் தகுதியில் இருக்கிறார்கள் என்பதை அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டினாலே பார்க்கலாம். தகுதிக்குக் காலாவதி தேதி உண்டு. நிகழ்ச்சி நாளன்று அது செல்லுமா என்று பாருங்கள்.

பணம் வெளிநாட்டுக்கு என்றால்

நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஊரில் வெள்ளம், புயல், பள்ளிக்கூடத்துக்குக் கூரை என்று செய்தி வந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் பேநவ் எண் (உடனடிப் பணமாற்று எண்) போட்டுவிடுகிறோம். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் தனி அனுமதி வேண்டும். தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். பொது விதிப்படி, திரட்டிய நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்படவேண்டும், 20 விழுக்காடுதான் வெளியே போகலாம். பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு இந்த விகிதத்தைத் தளர்த்தலாம், ஆனால் தளர்த்துவது ஆணையர், நீங்கள் அல்ல.

இன்னொரு முனையிலும் ஒரு கதவு பூட்டியிருக்கிறது. இந்தியாவில் உள்ள தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் வாங்க அந்நாட்டின் 'எஃப்சிஆர்ஏ' (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் போகவேண்டும். ஊர்த் தலைவரின் சேமிப்புக் கணக்கெண்ணை அனுப்பி "இதுல போட்டா போதும்" என்றால் போதாது. பேரிடர்க் காலத்தில் சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் நன்கொடை திரட்டும்போது அதற்குக் கொடுக்கச் சொல்வதே பெரும்பாலான கழகங்களுக்கு உகந்தது. 30 நாள் காத்திருந்து அனுமதி வாங்குவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும்.

2. எங்கே நின்று கேட்கப் போகிறீர்கள்?

உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இடம்தான். வீடு வீடாகப் போய்க் கேட்பது, தெருவிலோ பொது இடத்திலோ நின்று கேட்பது இரண்டுக்கும் தனிச் சட்டமே இருக்கிறது, உரிமமும் தேவை. பொதுவாகக் காவல்துறை தருகிறது. சமூகச் சேவை அமைப்புகளின் கொடிநாள் போன்றவை தேசிய சமூகச் சேவை மன்றத்தின் வழி போகின்றன. உங்கள் பயனாளி அந்த மன்றத்தின் உறுப்பு அமைப்பாக இருந்தால், விண்ணப்பத்தை அவர்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.

"நாங்க சும்மா வாங்கல, பேனா விக்கிறோம்" என்று தப்பிக்க முடியாது. பதிலுக்குப் பொருள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது திரட்டுதான். பணம் மட்டுமல்ல, பழைய துணி, செய்தித்தாள் என்று பொருளாக வாங்கினாலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே.

உரிமம் கிடைத்துவிட்டதால் எல்லா இடத்திலும் நிற்கலாம் என்று பொருள் இல்லை. கடைத்தொகுதி வாசலுக்கு அதன் நிர்வாகத்திடமும், எம்ஆர்டி நிலைய வளாகத்துக்கு ரயில் நிறுவனத்திடமும், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்திடமும் தனித்தனியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாயால் சொன்ன "ஓகே லா" சனிக்கிழமைக் காலைப் பணியில் இருக்கும் காவலாளிக்குத் தெரிந்திருக்காது.

உறுப்பினருக்குள்ளே திரட்டுவது, அழைப்பிதழ் கொடுத்து நடத்தும் விருந்து ஆகியவற்றுக்குத் தெரு உரிமம் கேட்கமாட்டார்கள். ஆனால் வேறு சில கதவுகள் திறக்கும்:

ஆடல், பாடல், நாடகம் மேடையேறினால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம். திரைப்பாடல் ஒலிக்கவிட்டால் காப்புரிமைக் கட்டணம் வரும். மண்டபக் கட்டணத்தில் அது அடக்கமா என்று கேட்டு வையுங்கள். சாப்பாட்டுக் கடைகள் போட்டால் சிங்கப்பூர் உணவு அமைப்பு. அதிர்ஷ்டக் குலுக்கலுக்குத் தனியாகச் சீட்டு விற்றால் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து நிற்கும். சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்காமல் சீட்டை அச்சடிக்கவே கொடுக்காதீர்கள்.

3. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 16 வாரம் முன்பு பயனாளியுடன் எழுத்து உடன்பாடு. 14 வாரம் முன்பு மண்டபம். 10 வாரம் முன்பு எல்லா உரிம விண்ணப்பங்களும் உள்ளே போயிருக்கவேண்டும். அதிகாரிகள் திரும்பக் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல ஒரு வாரம் ஆகும், அவர்கள் இன்னொரு தாள் கேட்பார்கள். 8 வாரம் முன்பு சுவரொட்டி, சீட்டு. உரிமம் கைக்கு வராமல் சுவரொட்டி அச்சடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உரிம எண்ணையும் திரட்டும் தேதியையும் மாற்றி மறுபடி அச்சடிக்கும் செலவு கழகத்தின் தலையில் விழும்.

தேதி தேர்வில் ஒரு சொந்தக் கருத்து: தீபாவளிக்கு முந்திய ஆறு வாரத்தை விட்டுவிடுங்கள். கோயில், பள்ளி, சங்கம் எல்லாமே அப்போது கேட்கும், ஒரே கடைக்காரரிடம் ஐந்து பேர் விளம்பரம் கேட்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் கேட்டால் அதே கடைக்காரர் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவார்.

4. கோப்பில் இருக்கவேண்டிய தாள்கள்

கழகப் பதிவுச் சான்றும் யூஇஎன் எண்ணும் (அமைப்புக்குரிய தனி அடையாள எண்), சட்டதிட்ட நகல், செயற்குழுத் தீர்மானம், பயனாளியின் ஒப்புதல் கடிதம், வரவுசெலவு மதிப்பீடு, திரட்டுபவர்களின் பட்டியல், இடங்களின் அனுமதிக் கடிதங்கள், இடத்தின் வரைபடம்.

இதில் தகராறு வருவது இரண்டில்தான். தீர்மானத்தில் "நிதி திரட்ட முடிவு செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். யாருக்கு, எந்தத் தேதிகளில், எந்த முறையில், யார் கையெழுத்துப் போடுவது என்பது இல்லாமல் அந்தத் தாள் பயன்படாது. அடுத்தது ஒப்புதல் கடிதம். பயனாளி அமைப்பில் உங்களுக்குத் தெரிந்த அதிகாரி மின்னஞ்சலில் "மகிழ்ச்சி, செய்யுங்கள்" என்று எழுதியதைக் கடிதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர்கள் தலைப்புத்தாளில், அவர்கள் பெயரையும் சின்னத்தையும் எந்த நாள் வரை பயன்படுத்தலாம், பணம் எத்தனை நாளுக்குள் வந்து சேரவேண்டும், செலவை யார் ஏற்பது என்பது எழுதியிருக்கவேண்டும்.

5. பணம் வரும் வழி ஒன்றாக இருக்கட்டும்

பொருளாளரின் சொந்த பேநவ் எண்ணைச் சுவரொட்டியில் போடாதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருடைய சம்பளமும் மளிகைச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கழகத்தின் யூஇஎன்னுக்கு பேநவ் பதிந்து, கியூஆர் குறியீடு உருவாக்குங்கள். குறியீட்டிலேயே நிகழ்ச்சிக்கான குறிப்பெண்ணையும் சேர்க்கலாம். வங்கி அறிக்கையில் எது விருந்துச் சீட்டுப் பணம், எது நன்கொடை, எது சந்தா என்று அது பிரித்துக் காட்டிவிடும்.

புதிய வங்கிக் கணக்கு திறக்கவோ கையெழுத்திடுபவரை மாற்றவோ பல வாரம் ஆகும். ஆண்டுக் கூட்டத்தில் செயற்குழு மாறிய உடனே இதைத் தொடங்காவிட்டால், நிகழ்ச்சி நாளன்று கையெழுத்து உரிமை பழைய தலைவரிடமே இருக்கும், அவர் சென்னையில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லயன்ஸ் கழகங்களில் உள்ள ஒரு நல்ல ஏற்பாட்டை மற்றவர்களும் பின்பற்றலாம். உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, பொதுமக்களிடம் வாங்கியது இன்னொரு கணக்கு. பொதுப் பணத்திலிருந்து அந்த நிகழ்ச்சியின் நேரடிச் செலவைத் தவிர வேறு கழகச் செலவு எதற்கும் எடுக்கமுடியாது. கழகக் கூட்டத்துக்கு வாங்கிய வடையும் தேநீரும் சந்தாக் கணக்கில்தான் போகவேண்டும்.

6. விருந்துக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மண்டபம் பிடியுங்கள்

அறநிறுவனங்களுக்கு 30/70 விதி என்று ஒன்று உண்டு. ஓராண்டில் நிதி திரட்டுச் செலவு, நிதி திரட்டிலும் நன்கொடையாளர் ஆதரவிலும் வந்த மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உங்கள் ஒரே விருந்து அவர்கள் ஆண்டுக் கணக்கையே இழுத்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு.

30 மேசை, மேசைக்கு 10 பேர், சீட்டு 80 வெள்ளி. சீட்டு வரவு 24,000. விளம்பர ஆதரவு 12,000, மேடையில் அறிவித்த நன்கொடை 14,000. மொத்தம் 50,000 வெள்ளி. 30 விழுக்காடு என்றால் செலவு 15,000க்குள் நிற்கவேண்டும்.

ஹோட்டல்காரர் மேசைக்கு 450 என்கிறார். 450 × 30 = 13,500, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அவர் சொன்ன எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருப்பதைப் பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மேசை 539.55 ஆகிறது. 30 மேசைக்கு 16,186.50. ஒலி, ஒளிக்கு 1,200, அச்சுக்கு 500 சேர்த்தால் 17,886.50. ஏறக்குறைய 36 விழுக்காடு. கையில் நிற்பது 32,113.50.

அதே 300 பேருக்குச் சமூக மன்ற மண்டபத்தில் மதியச் சாப்பாடு. தலைக்கு 18 வெள்ளி, வரியோடு 5,886. மண்டபம் 800, ஒலி 1,200, அச்சு 500. மொத்தச் செலவு 8,386. சீட்டை 50 வெள்ளியாகக் குறைத்தாலும் வரவு 15,000 + 12,000 + 14,000 = 41,000. செலவு 20 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. கையில் நிற்பது 32,614. ஐந்து நட்சத்திர விருந்தைவிட 500 வெள்ளி கூடுதல். வயதானவர்கள் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது வேறு.

இரண்டு கணக்கிலும் விளம்பரமும் மேடை நன்கொடையும்தான் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துகின்றன. சீட்டு மட்டும் விற்று விருந்து நடத்தினால் அது சாப்பாட்டுக் கடை நடத்துவதுதான். ஆகவே விளம்பர ஆதரவில் பாதியாவது எழுத்தில் உறுதியாகும்வரை ஹோட்டலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். மேடையில் அறிவித்த தொகை வேறு, வந்து சேர்ந்த தொகை வேறு. அறிவித்தவரிடம் அன்றிரவே உறுதிச் சீட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

7. வரிக்கழிவு ரசீதில் வாய்விட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஐபிசி தகுதியுள்ள அமைப்புக்குக் கொடுக்கும் தகுதிபெறும் நன்கொடைக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தால், வரி விதிக்கும் வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழியும். வரியிலேயே 250 குறையும் என்று சீட்டு விற்கும் உற்சாகத்தில் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில், வரிப் படிவம் நிரப்பும்போது, தொலைபேசி வரும்.

விருந்துச் சீட்டு முழுவதும் கழிவுக்கு வராது. கொடுத்தவர் பெற்ற சாப்பாட்டின் மதிப்பைக் கழித்து மீதிக்குத்தான் ரசீது. 80 வெள்ளிச் சீட்டில் சாப்பாடு 54 வெள்ளி என்றால் மிஞ்சுவது 26. வெளிநாட்டு நிவாரணத்துக்கும் இந்த 250 விழுக்காட்டுக் கழிவு கிடையாது.

கழிவு வேண்டுபவர் தம் அடையாள எண்ணைத் தரவேண்டும். ஐபிசி அமைப்பு அதை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும், கழிவு தானாகவே அவர் கணக்கில் ஏறும். அந்த எண்ணை உங்கள் தாளில் எழுதி வாங்கி, உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். பயனாளி அமைப்பின் படிவத்திலேயே நிரப்பவைத்து, அன்றே ஒப்படையுங்கள்.

8. உண்டியல் நாள்

ஒவ்வொரு உண்டியலுக்கும் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கையெழுத்து. முத்திரை ஒட்டும்போது மூடியின் ஓரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் படும்படி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் உரிந்துவிடும். உரிந்த முத்திரையோடு திரும்பும் உண்டியலைத் தனியாக வைத்து, திறக்குமுன் படம் எடுத்து, குறிப்பு எழுதுங்கள். திரட்டுபவர் எல்லோரும் அடையாள அட்டையும் அனுமதிச் சான்றும் அணிந்திருக்கவேண்டும். யாராவது உரிமத்தைக் கேட்டால் கைப்பேசியில் தேடிக்கொண்டு நிற்காமல், சட்டைப்பையில் ஒரு நகல் இருக்கட்டும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வெயிலில் நிறுத்தாதீர்கள். பிற்பகல் இடிமழைக்கு மறைவாகப் போய் நிற்க ஓரிடம் முன்பே சொல்லிவையுங்கள், அந்த இடத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்றால் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். விஐஏ (பள்ளி மாணவர் சமூகத் தொண்டு) நேரச் சான்று கொடுக்கும்போது உண்மையில் நின்ற நேரத்தை மட்டும் எழுதுங்கள். மூன்று மணி நேரம் நின்ற பிள்ளைக்கு ஆறு என்று எழுதச் சொல்லும் அம்மாக்கள் வருவார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இனி எண்ணும் மேசை. நீளமான மேசை, வெள்ளைத் துணி (காசு விழுந்தால் தெரியும்), மேசையில் கைப்பை இருக்கக்கூடாது. ஓர் உண்டியலை ஒரு சமயத்தில் திறங்கள். ஒருவர் எண்ணுவார், இரண்டாமவர் அதையே மறுபடி எண்ணுவார், மூன்றாமவர் எழுதுவார். கணவனும் மனைவியும் ஒரே உண்டியலை எண்ணவேண்டாம். தொகை ஒத்துவந்தால் இருவரும் கையெழுத்து. பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு மொத்தமாக எண்ணுவது வேகமாகத் தோன்றும், ஆனால் 20 வெள்ளி இடித்தால் எந்த உண்டியலில் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

காசின் எடையை மறந்துவிடாதீர்கள். இப்போதைய ஒரு வெள்ளிக் காசு 7.62 கிராம். ஆயிரம் வெள்ளிக் காசு ஏழரைக் கிலோவைத் தாண்டும். 20 காசு 3.85 கிராம், அதில் ஆயிரம் வெள்ளி என்றால் 5,000 காசு, 19 கிலோவுக்கு மேல். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் பை கிழியும், தள்ளுவண்டி கொண்டுபோங்கள். வங்கி காசு எண்ணக் கட்டணம் பிடிக்கும். அறநிறுவனமானால் விலக்கு கேட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை இரவு எண்ணி முடித்த பணம் திங்கள்வரை எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவையுங்கள். "என் வீட்டு அலமாரியில இருக்கட்டும்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

9. தொண்டூழியர்: எத்தனை பேர், என்ன வேலை

20 பேர் வேண்டுமென்றால் 28 பேரைப் பதியுங்கள். மழை, பிள்ளைக்குத் தேர்வு, திடீர் வேலை நேரம் எல்லாம் வரும். பதிவுப் படிவத்தில் பெயர், கைப்பேசி எண், பேசும் மொழிகள், எடை தூக்க முடியுமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பவை போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். சட்டப்படி தேவைப்படும் இடங்களிலும், ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யவேண்டிய இடங்களிலும் தவிர, அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. டீ-சட்டை கொடுக்க அது தேவையில்லை.

வீடு வீடாக உணவுப் பொருள் கொடுப்பது எளிது என்று நினைத்துத் தொடங்குவார்கள். கணக்குப் பாருங்கள். 5 கிலோ அரிசி, 2 லிட்டர் எண்ணெய், மீஹூன், சார்டின் டின், பிஸ்கட், பால்மாவு சேர்த்தால் பை ஏறக்குறைய 10 கிலோ. 40 வீட்டுக்கு 400 கிலோ. நான்கு தள்ளுவண்டி, வண்டிக்கு இருவர், மேல்மாடியிலிருந்து கீழே வாருங்கள். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத பழைய புளோக்குகள் இன்னும் சில உண்டு, முந்தின வாரமே ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும்.

ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு 5 கிலோ அரிசி தீர மூன்று மாதம் ஆகும். அதற்குள் வண்டு விழும். 2 கிலோ போதும். நீரிழிவுக்காரருக்கு இனிப்புப் பால் டின் வேண்டாம். மலாய்க் குடும்பங்களுக்கு ஹலால் முத்திரை இல்லாத எதையும் பையில் போடாதீர்கள், எல்லாப் பையையும் ஹலாலாகவே கட்டினால் குழப்பமே இல்லை. காலாவதிக்கு மூன்று மாதமாவது இருக்கட்டும். உண்மையைச் சொன்னால் பேரங்காடிப் பற்றுச்சீட்டு பல வீடுகளுக்குப் பையைவிட உதவும். வரிசை எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆனால் தூக்கிக்கொண்டு போவதுபோல் படம் வராது என்பதால் கழகங்களுக்கு இது பிடிப்பதில்லை.

வீட்டு எண் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தாளில் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குங்கள். கதவு திறந்ததும் கைப்பேசியை நீட்டாதீர்கள். "சுடா மாக்கான், மக்சிக்?" (சாப்பிட்டாச்சா, அம்மா?) என்று மலாயில் கேட்கத் தெரிந்த ஒருவரும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் ஒருவரும் அணியில் இருந்தால் கதவு இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும்.

சமைத்த உணவு என்றால் நேரம்தான் எல்லாம். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். காலை 8 மணிக்கு அடைத்த பிரியாணியை மதியம் 1 மணிக்குக் கொடுப்பது உதவி அல்ல. உரிமம் பெற்ற உணவு வழங்குநரிடம் வாங்கி, பொட்டலத்தில் நேரம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

10. தாதிமை இல்லத்துக்குப் போகும்போது

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை எல்லோரும் போவார்கள். இல்லத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் "எந்த மாதம் யாரும் வருவதில்லை?" என்று கேட்டு அந்த மாதத்தில் போங்கள். காய்ச்சல், இருமல் உள்ளவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

தாதியைக் கேட்காமல் எவருக்கும் எதையும் ஊட்டாதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். அன்போடு நீட்டிய ஒரு துண்டு முறுக்கோ ஒரு வாய் காப்பியோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கேசரி கொண்டுபோக ஆசையென்றால் முந்தின வாரமே சொல்லி, யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வாங்குங்கள். முக ஒப்பனையோடு நடன நிகழ்ச்சி 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் அருகில் உட்கார்ந்து பேசுங்கள், பழைய பாட்டைத் தணிவான குரலில் பாடுங்கள்.

11. முடிந்த பிறகு

உரிமத்தின் நிபந்தனைத் தாளில் கணக்கறிக்கைக்கு ஒரு கெடு எழுதியிருக்கும். தணிக்கையாளரை நிகழ்ச்சிக்கு முன்பே பேசிவைத்தால்தான் அந்தக் கெடுவுக்குள் முடியும். நிகழ்ச்சி முடிந்த ஏழு நாளுக்குள் எல்லாச் செலவு ரசீதையும் வாங்கிவிடுங்கள். பூக்கடை ரசீது எப்போதும் கடைசியில்தான் வரும், அதுவும் கையால் எழுதிய, தேதியில்லாத ரசீதாக. வெப்பத்தாளில் அச்சான ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள், சில மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும்.

பயனாளியிடம் பணம் ஒப்படைக்கும்போது பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுப்பார்கள். அந்த அட்டையில் எழுதும் தொகையும் வங்கி மாற்றலும் ஒரே எண்ணாக இருக்கட்டும். வராத உறுதிமொழிகளையும் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்த மாதம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். கணக்கேடு, ரசீது அடிக்கட்டை, எண்ணிய தாள்கள் எல்லாம் குறைந்தது ஐந்தாண்டு இருக்கவேண்டும். ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல், இரண்டு பேரிடம் மின்பிரதியாகவும் இருக்கட்டும். செயற்குழு மாறும் நாளில் அந்தப் பெட்டியையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுங்கள். பெட்டியின் மேல், உண்டியல்கள் எத்தனை, எண் எதிலிருந்து எதுவரை, இப்போது எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.